வலைவழி அறிதல்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய காலந்தொட்டே ஒருவர்க்கொருவர் செய்தி அனுப்பும் வழிகளையும் வகுத்துக்கொண்டனர். பறையொலி, தூதுப் புறா, அஞ்சலோட்டம், தந்தி, தொலைபேசி என அவ்வழிகள் காலந்தோறும் வளர்ந்தன. அவற்றுள் பல கண்ணாற் காணத் தக்கவை. தந்திக் கம்பி அறுந்து தொங்கினால் வழிப்போக்கரும் அதனைக் கண்டு கூறுவர். பாலம் உடைந்தால் அஞ்சல் வாராமைக்குக் காரணம் ஊரார் அனைவர்க்கும் விளங்கும். ஆனால், இக்காலத்துச் செய்திப் பெருவழியாகிய கணினி வலையமைப்பு அத்தகையதன்று. அதன் கம்பிகள் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் கிடக்கின்றன; அதன் அலைகள் காற்றில் உருவின்றி உலவுகின்றன. அதில் பழுது நேர்ந்தால், எங்கே நேர்ந்தது, எதனால் நேர்ந்தது என அறியாது பலர் திகைத்து நிற்கின்றனர்.

அங்ஙனம் திகைத்து நிற்றல் இனித் தகாது. ஏனெனில், சிற்றூர்களில் வாழும் மாணவர்க்கு இணையம் இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. கல்விக்கும் வாழ்வுக்கும் வாயிலாகவும் அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குரிய கலந்தாய்வு 2018 ஆம் ஆண்டு முதல் இணையவழி நடைபெறுகின்றது. விரும்பும் கல்லூரியையும் பாடத்தையும் குறித்த நாளில், குறித்த நேரத்திற்குள் பதிவு செய்தல் வேண்டும். முன்பு கலந்தாய்வுக்காகச் சென்னைக்கு இரவெல்லாம் பயணம் செய்த தென்காசி மாவட்டத்து மாணவர், இன்று தம் ஊரிலிருந்தே அதனைச் செய்யலாம். இது பெரும் பேறே. எனினும், அந்த நேரத்தில் வலையமைப்பு செயலற்றுப் போனால், பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற உழைப்பின் பயன் ஒரு மணி நேரத்தில் கைநழுவவுங்கூடும். ஆதலின், வலையமைப்பின் வழியை அறியும் கலை ஒவ்வொரு மாணவர்க்கும் வேண்டற்பாலது. அக்கலைக்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. வேண்டும் கருவிகள் கணினியிலேயே அமைந்துள்ளன.

கால்வாயும் கணினியும்

குற்றாலத்து மலையில் தோன்றும் சிற்றாறு, அருவியாய் வீழ்ந்து, தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கின்றது. இடையிடையே அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய் நீர் குளத்தை அடைகின்றது. குளத்து நீர் மடை வழியே வயலை அடைகின்றது. ஒரு நாள் வயலில் நீர் வரவில்லையெனில் உழவர் என் செய்வர்? அருவி வற்றிவிட்டது என்று அழுதுகொண்டு இருப்பதில்லை. முதலில் தம் வயலின் வாய்மடையைப் பார்ப்பர். அடுத்து வாய்க்காலைப் பார்ப்பர். பின்னர்க் குளத்து மடையைப் பார்ப்பர். அதன் பின்னரே கால்வாயையும் அணைக்கட்டையும் நாடிச் செல்வர். அண்மையிலிருந்து சேய்மை நோக்கி ஒவ்வொன்றாக ஆராய்தலே அவர் முறை. வலையமைப்பின் பழுதறியும் முறையும் இதுவேயாம்.

அம்முறைக்கு உதவும் கருவிகள் கட்டளைச் சாளரத்தில் கிடைக்கின்றன. விண்டோஸ் கணினியின் தேடுமிடத்தில் சி, எம், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கரிய சாளரம் ஒன்று திறக்கும். அதில் படங்கள் இல்லை, பொத்தான்கள் இல்லை, எழுதுக என அழைப்பது போல ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி நிற்கும். சொல்லை எழுதி நுழைவு விசையைத் தட்டினால் கணினி விடை கூறும். லினக்ஸ் முறையில் இயங்கும் கணினிகளிலும் இத்தகைய சாளரம் உண்டு. கட்டளைப் பெயர்கள் சில சற்றே வேறுபடும்.

முகவரி அறிதல்

வயலுக்கு அளவை எண் இருப்பது போல, வலையமைப்பில் சேர்ந்த கணினி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி உண்டு. இதனை ஐபி முகவரி என்பர். ‘ஐபிகான்ஃபிக்’ என்னும் கட்டளையை எழுதினால் அம்முகவரி திரையில் தோன்றும். எடுத்துக்காட்டாக 192.168.1.7 என நான்கு எண்கள் புள்ளிகளாற் பிரிக்கப்பட்டு நிற்கும். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையலாம். இம்முறையில் உலகெங்கும் அமையக்கூடிய முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்திற்குச் சற்று மிகுதியாகும். கணினிகளும் கைப்பேசிகளும் பெருகியமையால் இவை போதாவாயின. வட்டாரங்களுக்குப் பகிர்ந்தளிக்க எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரித் திங்களில் வழங்கப்பட்டுத் தீர்ந்தன. அதனால், 128 இரும எண்களாலாகிய புதிய நீண்ட முகவரி முறையும் பழைய முறையோடு உடன் வழங்குகின்றது.

192.168 எனத் தொடங்கும் முகவரி பல வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒன்றுபோலவே காணப்படும். ஓர் எண் இரு கணினிக்கு அமைதல் யாங்ஙனம் என ஐயுறலாம். நெல்லைச் சீமையில் ஊர்தோறும் கீழத்தெரு உண்டு. கீழத்தெருதோறும் ஏழாம் எண் வீடும் உண்டு. ஊருக்குள் ‘கீழத்தெரு ஏழாம் வீடு’ என்றால் போதும். வெளியூர் அஞ்சலுக்கு மட்டும் ஊர்ப்பெயர் வேண்டும். அதுபோல 10 எனத் தொடங்குவனவும், 192.168 எனத் தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை அமைவனவும் உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றை உலகப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் பணியை நுழைவாயிற் கருவி செய்கின்றது.

அந்நுழைவாயிலின் முகவரியையும் அதே கட்டளை காட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 என்பது போல அமையும். கட்டளையோடு சாய்கோடிட்டு ‘ஆல்’ என்னும் சொல்லையும் சேர்த்து எழுதினால், கணினியின் பிணைய அட்டையில் பதிந்துள்ள அடையாள எண், பெயர்களை எண்களாக மாற்றித் தரும் கணினியின் முகவரி முதலிய பிற செய்திகளும் வெளிப்படும்.

இங்கே குறிக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. கணினிக்கு முகவரியை வழங்குவது பெரும்பாலும் நுழைவாயிற் கருவியே. அக்கருவியை அடைய இயலாதபோது, விண்டோஸ் கணினி 169.254 எனத் தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே புனைந்து கொள்ளும். ஆகவே, திரையில் 169.254 எனக் கண்டால், பழுது தொலைவில் இல்லை. கணினிக்கும் நுழைவாயிலுக்கும் இடையிலேயே உளது எனத் துணியலாம். கம்பி கழன்றிருக்கலாம், அல்லது கருவி மின்னின்றி அணைந்திருக்கலாம். ஒரே ஓர் எண் இத்துணைச் செய்தியைக் கூறிவிடுகின்றது.

குரல் கொடுத்துப் பார்த்தல்

காட்டில் வழி தவறியவர் குரல் கொடுப்பர். மறுகுரல் வந்தால் அருகில் ஆள் உண்டு என அறிவர். வலையமைப்பில் அங்ஙனம் குரல் கொடுக்கும் கருவிக்குப் ‘பிங்’ என்று பெயர். இதனை இயற்றியவர் அமெரிக்க நாட்டு அறிஞர் மைக் மூஸ் என்பவர். மேரிலாந்து மாநிலத்தில் அந்நாட்டுப் படைத்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் பணியாற்றினார். 1983 டிசம்பர்த் திங்களில் அங்கே வலையமைப்பு விந்தையாக நடந்துகொண்டது. காரணம் காணும்பொருட்டு அவர் இந்நிரலை ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியக் கடலுள் ஒலி அலையை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. அவ்வொலியின் பெயரையே தம் நிரலுக்கும் சூட்டினார். மூஸ் 2000 ஆம் ஆண்டு நவம்பரில் சாலை விபத்தொன்றில் மறைந்தார். அவர் ஒரு மாலையில் எழுதிய கருவியோ இன்றும் உலகெங்கும் நாள்தோறும் பயன்படுகின்றது.

‘பிங்’ என்னும் சொல்லை அடுத்து ஒரு முகவரியை எழுதினால், விண்டோஸ் கணினி அம்முகவரிக்கு நான்கு சிறு செய்திப் பொதிகளை அனுப்பும். ஒவ்வொன்றிலும் 32 பைட் அளவுள்ள எழுத்துகள் இருக்கும். மறுமொழி வந்தால், அது திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரம் மில்லி வினாடியில் காட்டப்படும். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு கூறே மில்லி வினாடி. எத்தனை பொதிகள் சென்றன, எத்தனை மீண்டன, எத்தனை தொலைந்தன என்னும் கணக்கும் இறுதியில் தோன்றும்.

127.0.0.1 என்னும் முகவரி எக்கணினிக்கும் தன்னையே குறிப்பது. முதலில் அதற்குக் குரல் கொடுத்தால், கணினிக்குள் வலைத்தொடர்பு மென்பொருள் செம்மையாக உள்ளதா எனத் தெரியும். அடுத்து நுழைவாயிலுக்கும், அதற்கடுத்து வெளியுலகில் உள்ள ஒரு முகவரிக்கும் குரல் கொடுக்கலாம். நான்கு பொதிகளுள் இரண்டு மீண்டு இரண்டு தொலைந்தால், வழி முற்றும் அடைபடவில்லை, ஆனால் தடுமாறுகின்றது என அறியலாம்.

ஆயினும், மறுகுரல் வாராமை ஒன்றைக்கொண்டே அங்கே ஆளில்லை என முடிவு செய்தல் பிழை. சில கணினிகள் பாதுகாப்புக் கருதி இத்தகைய அழைப்புகளுக்கு விடை தாராதவாறு அமைக்கப்பட்டுள்ளன. கதவைத் தட்டியும் திறவாத வீடெல்லாம் ஆளில்லா வீடாகா.

பெயரும் எண்ணும்

எண்களை நினைவிற் கொள்ளுதல் மக்களுக்கு அரிது. பெயர்களை நினைவிற் கொள்ளுதல் எளிது. கணினிக்கோ எண்ணே வேண்டும். தொடக்க நாளில் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பேணப்பட்டது. பிற கணினிகள் அதனைப் படியெடுத்துக்கொண்டன. கணினிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983 ஆம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், அப்பட்டியலைப் பல கணினிகள் பகுத்துப் பேணும் முறையை வகுத்தார். இதுவே டிஎன்எஸ் எனப்படும் பெயர் முறை. பிற்காலத்தில் ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ எனத் தமிழெழுத்தில் முடியும் பெயர்களும் இம்முறையில் இடம்பெற்றமை தமிழர்க்கு மகிழ்ச்சி தருவதாம்.

‘என்எஸ்லுக்அப்’ என்னும் கட்டளையை அடுத்து ஓர் இணையதளத்தின் பெயரை எழுதினால், அதற்குரிய எண் முகவரி கிடைக்கும். பெயருக்கு எண் கிடைக்கவில்லையெனில், அத்தளம் நலமாக இருந்தும் உலாவியில் திறவாது. நண்பர் வீட்டிலேயே இருக்கிறார். நமக்கு அவர் தெருதான் தெரியவில்லை என்பது போன்ற நிலை அது. ‘இணையம் இல்லை’ என்று மக்கள் கூறும் பல நேரங்களில் உண்மையில் இல்லாதது இப்பெயர் விளக்கம் ஒன்றே.

வழியைத் தொடர்தல்

1986 அக்டோபரில் வியப்பான நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதன் அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 400 கெசமே. அவற்றினிடையே வினாடிக்கு 32,000 பிட் அளவில் சென்றுகொண்டிருந்த செய்தி, திடீரென 40 பிட் அளவுக்குச் சுருங்கிற்று. ஓடைபோல் ஓடிய நீர் துளித்துளியாய்ச் சொட்டியதை ஒத்தது அது. அவ்வாய்வுக்கூடத்தில் பணியாற்றிய வான் ஜேக்கப்சன் இதனை ஆராயத் தலைப்பட்டார். நெரிசலில் தொலைந்த பொதிகளைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி, அந்நெரிசலைப் பன்மடங்காக்கின என்பதனை உணர்ந்து, நெரிசல் கண்டவிடத்து வேகத்தைத் தணிக்கும் முறையை 1988 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் இணையம் நெரிசலில் மூழ்காது இயங்குவதற்கு அம்முறை ஒரு காரணமாகும். அவரே செய்தி செல்லும் வழியைத் தொடர்ந்து காட்டும் கருவியையும் இயற்றினார். அதனை விண்டோஸ் கணினியில் ‘டிரேஸர்ட்’ என்பர்.

அதன் இயக்கம் நுட்பமானது. இணையத்தில் செல்லும் பொதி ஒவ்வொன்றும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கின்றது. வழியில் உள்ள திசைவி ஒவ்வொன்றும் அவ்வெண்ணில் ஒன்றைக் குறைக்கும். எண் சுழியமானால், அத்திசைவி பொதியைக் கைவிட்டு, ‘இவ்விடத்தில் கைவிட்டேன்’ என அனுப்பியவர்க்கு அறிவிக்கும். பொதிகள் முடிவின்றிச் சுற்றித் திரியாமல் இருத்தற்கே இவ்வேற்பாடு. ஜேக்கப்சன் இதனையே கருவியாக்கினார். முதலில் 1 என்னும் எண்ணோடு பொதி செல்லும். முதல் திசைவி அதனைக் கைவிட்டுத் தன் முகவரியைக் கூறும். அடுத்து 2 என்னும் எண்ணோடு செல்லும்; இரண்டாம் திசைவி தன்னை வெளிப்படுத்தும். இங்ஙனம் 30 படி வரையில் வழி முழுதும் வரிசையாகத் திரையில் எழுதப்படும். ஒவ்வொரு படியிலும் மும்முறை நேரம் அளக்கப்படும். விடை தாராத படியில் விண்மீன் குறி தோன்றும்; அப்படி தோன்றியும் அடுத்த படிகளில் விடை வருமாயின், அத்திசைவி பேசாமலிருக்கிறதே அன்றி வழி அடைபடவில்லை என்பது பொருள்.

இக்கருவி காட்டும் நேரத்தைக்கொண்டு தொலைவையும் ஒருவாறு உய்த்துணரலாம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சுரண்டையிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். போய் மீள 1,200 கிலோமீட்டர் ஆதலின், 6 மில்லி வினாடிக்குக் குறைந்து விடை வருதல் இயலாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அங்குச் சென்று மீளக் குறைந்தது 29 மில்லி வினாடி வேண்டும். நிலவுலகின் நடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாயின், ஏறி இறங்கி மீண்டும் ஏறி இறங்கவே அரை வினாடி அளவு ஆகும். ஆகவே, கடல் கடந்த நாட்டு நிறுவனம் ஒன்றின் தளம் 12 மில்லி வினாடியில் விடை தருமாயின், அவ்விடையைத் தந்த கணினி நெடுந்தொலைவில் இல்லை. பெரும்பாலும் நம் நாட்டிலேயே வைக்கப்பட்டுள்ளது எனக் கருதலாம். ஒளியின் வேகத்தை எந்நிறுவனத்தாலும் கடத்தல் இயலாது. இயற்பியல் வகுப்பில் கற்ற உண்மை இங்ஙனம் கரிய சாளரத்தில் நேரே விளங்குகின்றது.

நம் செய்திகள் கடல் கடக்கும் வழிகள் சிலவே. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கம்பி 2002 ஆம் ஆண்டில் இடப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைத்து 2005 ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெருங்கம்பி ஒன்றும் சென்னையையும் மும்பையையும் தொட்டுச் செல்கின்றது. 2008 சனவரி 30 ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாத் துறைக்கருகே இரு கடலடிக் கம்பிகள் பழுதுற்றன. அன்று இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இணையம் தளர்ந்தது. மேற்கு நோக்கிச் சென்ற செய்திகளை நிறுவனங்கள் சில கிழக்குக் கடல் வழியே திருப்பி அனுப்பின. எகிப்துக் கடலில் அறுந்த கம்பி தமிழ்நாட்டுச் சிற்றூரின் திரையையும் தளரச் செய்யும். உலகம் அத்துணை நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றது.

இவையன்றி, அண்மையில் உள்ள கருவிகளின் முகவரிகளைக் காட்டும் ‘ஏஆர்பி’, கணினி அந்நேரத்தில் எவ்வெவற்றோடு தொடர்பு கொண்டுள்ளது எனக் காட்டும் ‘நெட்ஸ்டாட்’, கணினியின் பெயரைக் கூறும் ‘ஹோஸ்ட்நேம்’ முதலிய கட்டளைகளும் உள. முற்கூறிய நான்கையும் நன்கு பழகியவர்க்கு இவை எளிதில் கைவரும்.

சுரண்டையில் ஒரு நாள்

சுரண்டை தென்காசி மாவட்டத்து ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்றும், உழவும், வாணிகமும் பொருந்திய அவ்வூரிலுள்ள பள்ளி ஒன்றின் கணினி அறையைக் கற்பனை செய்து பார்க்கலாம். கல்லூரி விருப்பப் பதிவுக்குக் கடைசி நாள். மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகின்றது. மணி மூன்று. பதிவுத் தளம் திறக்கவில்லை.

“ஐயா, இணையம் முற்றும் நின்றுவிட்டது. தென்காசிக்குப் பேருந்து ஏறட்டுமா?” என்று ஒரு மாணவி பதறுகின்றாள்.

“நின்றது எது என்று அறியுமுன் முற்றும் நின்றது என்று சொல்லலாமா, அம்மா? வாய்மடையிலிருந்து தொடங்குவோம். சாளரத்தைத் திற” என்கின்றார் ஆசிரியர்.

மாணவி 127.0.0.1 க்குக் குரல் கொடுக்கின்றாள். நான்கு மறுமொழிகள் வருகின்றன. கணினியில் குறையில்லை. ‘ஐபிகான்ஃபிக்’ எழுதுகின்றாள், 192.168.1.7 என முகவரி உள்ளது. நுழைவாயிலை அழைக்கின்றாள், ஒரு மில்லி வினாடியில் மறுமொழி வருகின்றது. கம்பியிலும் கருவியிலும் குறையில்லை. வெளியுலக முகவரியாகிய 8.8.8.8 ஐ அழைக்கின்றாள். அதிலிருந்தும் நான்கு மறுமொழிகள்! ஊரைக் கடந்து செய்தி சென்று மீள்கின்றது.

“இணையம் இருக்கிறதே, ஐயா!” என்று வியக்கின்றாள்.

“ஆம். இனித் தளத்தின் பெயரை எழுதி அழைத்துப் பார்.”

பெயரைக் கண்டறிய இயலவில்லை எனக் கணினி கூறுகின்றது. பழுது அகப்பட்டுவிட்டது. வழி உண்டு, பெயரை எண்ணாக்கும் கணினிதான் விடை தரவில்லை. ‘என்எஸ்லுக்அப்’ கட்டளையில் தளத்தின் பெயரையும், அதனை அடுத்து 8.8.8.8 என்னும் வேறொரு பெயர்க் கணினியின் முகவரியையும் எழுதச் செய்கின்றார் ஆசிரியர். உடனே எண் கிடைக்கின்றது. கணினியின் அமைப்பில் பெயர்க் கணினியின் முகவரியை மாற்றியதும் தளம் திறக்கின்றது. பத்து நிமிடங்களில் பதிவு தொடங்குகின்றது. பதறிப் பேருந்து ஏறியிருந்தால் அம்மாணவியின் நேரமெல்லாம் வழியிலேயே கழிந்திருக்கும்.

நுழைவாயிலே விடை தாராதிருந்தால் கம்பியையும் கருவியையும் பார்த்திருத்தல் வேண்டும். நுழைவாயில் விடை தந்து வெளியுலகம் விடை தாராதிருந்தால், இணைய நிறுவனத்தாரை அழைத்து, ‘இப்படி வரை செய்தி செல்கின்றது, இதற்கப்பால் செல்லவில்லை’ எனத் தெளிவாகக் கூறியிருக்கலாம். அங்ஙனம் கூறுவோர்க்கு விரைந்து உதவுதல் அவர்க்கும் எளிது. வெறுமனே ‘வேலை செய்யவில்லை’ என்பது முறையீடு. இன்ன இடத்தில் நின்றது என்பது அறிவு.

சிற்றூரும் பெருந்தொழிலும்

இவ்வறிவு வீட்டுக் கணினியோடு முடிந்துவிடுவதன்று. அது பெருந்தொழிலாகவும் வளரக்கூடியது என்பதற்குத் தென்காசி மாவட்டமே சான்றாக நிற்கின்றது. 1996 ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்னும் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. வலையமைப்புகளைக் கண்காணித்து மேலாளும் மென்பொருளை ஆக்குவதே அதன் முதல் தொழில். கருவிகள் நலமாக உள்ளனவா என இடைவிடாது குரல் கொடுத்து, பழுது கண்டவிடத்து அறிவிப்பது அத்தகைய மென்பொருளின் பணி. அந்நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் சோகோ எனப் பெயர் மாறிற்று. 2011 ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தது. உலகின் பல நாடுகளில் இயங்கும் மென்பொருளை மலையடிவாரச் சிற்றூரில் இருந்தவாறே ஆக்கலாம் என்பதனை அது மெய்ப்பித்தது.

இந்தியாவில் இணையத்தின் தொடக்கமும் கல்விக்கூடங்களோடு பிணைந்ததே. 1986 ஆம் ஆண்டில் நடுவணரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்குகொண்டது. 1995 ஆகஸ்டு 15 ஆம் நாளன்று பொதுமக்களுக்கும் இணையம் திறந்துவிடப்பட்டது. அன்று பெருநகரங்களில் மட்டும் இருந்த வசதி, இன்று சுரண்டையின் தெருக்களிலும் கிடைக்கின்றது. வசதி வந்துவிட்டது, அதனை ஆளும் அறிவும் உடன் வருதல் வேண்டும்.

எல்லை அறிதல்

அறிவு கருவியாகும்போது அறமும் அதனோடு நிற்றல் வேண்டும். தம் கணினியின் முகவரியை அறிதலும், தம் பள்ளியின் வலையமைப்பை ஆசிரியர் இசைவோடு ஆராய்தலும் நன்று. பிறர் கணினியுள் இசைவின்றிப் புகுதலும், பிறர் பணியைக் கெடுக்கும்படி பொதிகளைக் குவித்தலும் தீது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அத்தகைய செயல்களைக் குற்றமெனக் கூறித் தண்டனையும் விதிக்கின்றது. தம் வாய்க்காலைச் செப்பனிடும் மண்வெட்டியால் அயலார் வரப்பை வெட்டுதல் உழவர்க்கு இழுக்கு. மேலும், தம் வலையமைப்பின் விவரங்களை முன்பின் அறியாதவர் கேட்டாரென உரைத்துவிடுதலும் அறிவுடைமை ஆகாது.

மூஸ் ஒரு மாலையில் எழுதிய நிரலும், ஜேக்கப்சன் 400 கெச வழியில் கண்ட தடையும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. இருவரும் பழுதைக் கண்டு அஞ்சவில்லை. பிறரைப் பழித்துக்கொண்டும் இருக்கவில்லை. எங்கே நின்றது என்று வினவினர். ஒவ்வொரு படியாக நடந்து விடை கண்டனர். அவர்கள் ஆக்கிய கருவிகள் இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் உள்ளன. கேள்வியைச் செம்மையாகக் கேட்கத் தெரிந்தவர்க்கு அக்கரிய சாளரம் ஒளிவு மறைவின்றி விடை கூறும்.

பயிற்சி

1. கால்வாய்ப் பாசனத்தில் பழுதறியும் முறைக்கும் வலையமைப்பில் பழுதறியும் முறைக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. திரையில் 169.254 எனத் தொடங்கும் முகவரி தோன்றினால் பழுது எங்குளது எனக் கருதலாம்? காரணம் கூறுக.
3. மறுகுரல் வாராமை ஒன்றைக்கொண்டே ஒரு கணினி செயலற்றது எனத் துணிதல் ஏன் பிழையாகும்?
4. 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கணினி 20 மில்லி வினாடியில் விடை தருதல் கூடுமா? கணக்கிட்டுக் காட்டுக.
5. “முறையீடு வேறு; அறிவு வேறு” என்னும் கருத்தைச் சுரண்டைப் பள்ளி நிகழ்ச்சிகொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.